பூட்டை மாத்தணுமா, சாவியை மட்டும் மாத்தினா போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் பூட்டு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் 20 வருடமாக உட்கார்ந்திருக்கிறார். சாவியைத் தொலைத்தவர்கள், வீடு மாறியவர்கள், பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என்னிடம் விலை கேட்பார்கள், பிறகு அவரிடம் யோசனை கேட்பார்கள். சந்தேகம் ஒன்றேதான், ஆள்தான் வேறு. அதனால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. "பூட்டை மாத்தாம சாவியை மட்டும் மாத்தலாம்னு சொல்லுதாவளே, அது எப்படி அண்ணாச்சி?"

கதவில் பதித்த பூட்டில் சாவி நுழையும் பாகத்துக்கு சிலிண்டர் என்று பெயர். அதற்குள் 5 அல்லது 6 ஜோடி சின்னப் பின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு ஜோடியின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். சாவியை நுழைத்ததும் அதன் பற்கள் ஒவ்வொரு பின்னையும் ஒவ்வோர் உயரத்துக்குத் தூக்கும். ஜோடிகள் பிரியும் இடமெல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் உள்ளே இருக்கும் உருளை திரும்பும். ஒரே ஒரு பின் அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ நின்றாலும் திரும்பாது. 1861-ல் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் இன்றும் நம் வீட்டுக் கதவில் இருக்கிறது.

பூட்டுக்காரர் அந்த உருளையை வெளியே எடுத்து, கீழ்ப் பின்களை வேறு உயரத்துப் பின்களாக மாற்றி, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டித் தருவார். கடையில் இதைப் 'பின் மாத்துறது' என்போம். பூட்டு அதேதான். பழைய சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது.

2. "எதை வச்சு முடிவு பண்ண? பின் மாத்தவா, பூட்டையே மாத்தவா?"

கெட்டது பூட்டா, இல்லை சாவி கைமாறிப் போச்சா என்று முதலில் பாருங்கள். பூட்டு நன்றாக இருந்து, சாவிதான் போகக்கூடாத கைக்குப் போயிருக்கிறது என்றால் பின் மாற்றினால் போதும். சாவியெல்லாம் பத்திரமாக இருந்து, பூட்டுதான் தேய்ந்தோ துருப்பிடித்தோ போயிருக்கிறது என்றால் பின் மாற்றுவது வீண் செலவு. அந்தப் பூட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. கைப்பிடியோடு வரும் மார்ட்டிஸ் லாக் என்றால் சிலிண்டரை மட்டும் கழற்றிப் புதிது போடலாம். கைப்பிடி, கதவுக்குள் இருக்கும் பெட்டி, நிலையில் பதித்த தகடு எதையும் தொட வேண்டாம். பின் மாற்றும் கூலி புது சிலிண்டர் விலையில் பாதிக்கு மேல் போனால் நான் சிலிண்டரையே வாங்கச் சொல்லுவேன்.

3. "வீடு வாங்கியாச்சு. பழைய வீட்டுக்காரர் மூணு சாவியையும் கையில தந்துட்டாவ. இன்னும் எதுக்கு மாத்தணும்?"

அவர் நல்லவர், மூன்றையும் தந்துவிட்டார், சரி. ஆனால் அவர் வீட்டில் வேலை பார்த்த அம்மாவிடம் ஒரு சாவி இருந்ததா, பெயின்ட் அடிக்க வந்தவரிடம் ஒரு வாரம் இருந்ததா, ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டு ஆச்சியிடம் கொடுத்து வைத்தாரா என்பது அவருக்கே மறந்திருக்கும். யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்ற கணக்கு உங்களிடம் இல்லை, அதுதான் விஷயம்.

குடிபுகும் நாளுக்கு முன்னாலேயே பின் மாற்றிவிடுங்கள். பூட்டு நல்ல கம்பெனிப் பூட்டாக இருந்தால் தூக்கிப்போடத் தேவையே இல்லை. முன்வாசலோடு நிறுத்தாமல் பின்கட்டுக் கதவு, மாடிக் கதவு இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். முன்வாசலுக்கு விலை உயர்ந்த பூட்டைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக் கதவைக் கொண்டியோடு விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. "வாடகைக்கு விடுதேன். ஒவ்வொரு தடவையும் ஆள் மாறும்போது பூட்டு வாங்கி மாளுமா?"

மாளாது, வாங்கவும் வேண்டாம். ஒரே மாடல் சிலிண்டராக இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் காலி செய்ததும் ஒன்றைக் கழற்றி மற்றதைப் போடுங்கள். அடுத்தவர் போகும்போது அதைத் திரும்பப் போடுவதற்கு முன்னால், கழற்றி வைத்த அந்தச் சிலிண்டரின் பின்களை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வீடு வைத்திருக்கிறவர்கள் சிலிண்டரை வீட்டுக்கு வீடு சுற்றி விடலாம்.

குடியிருப்பவர் தானாகவே பூட்டை மாற்றினால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது. அதிலேயே பூட்டு பற்றி இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: யார் மாற்றலாம், செலவு யாருடையது, ஒரு சாவி வீட்டுக்காரரிடம் இருக்குமா இருக்காதா. பின்னால் வரும் சண்டை அந்த இரண்டு வரியோடு நின்றுபோகும்.

5. "தொங்குபூட்டுக்கும் பின் மாத்தித் தருவாவளா? ஏழு லீவர் பூட்டு வச்சிருக்கேன்."

நீங்கள் வைத்திருப்பதில் பின்னே கிடையாது. லீவர் பூட்டு வேறு அமைப்பு. உள்ளே தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான அளவுக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஏழு லீவர் என்றால் ஏழு தகடு. தகடுகளின் வரிசையை மாற்றி அடுக்கிப் புதுச் சாவி போட முடியும், அது கைத்தொழில் தெரிந்தவர் வேலை. ஆனால் கடையில் விற்கும் பூட்டுகளில் பெரும்பாலானவை ரிவிட் அடித்து மூடியவை. அதைத் தட்டித் திறந்து, மாற்றி, திரும்ப ரிவிட் அடித்தால் பழைய உறுதி வராது. கூலியும் கட்டுப்படியாகாது. தொங்குபூட்டுக்குச் சாவி போய்விட்டால் புதுப் பூட்டு வாங்குங்கள்.

இதற்கு விலக்கு ஒன்று சொல்ல வேண்டும். திண்டுக்கல் பூட்டு கையால் செய்தது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு மாதிரிப் பழைய பூட்டு தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தொழில் தெரிந்த கைகள் அதைத் திறந்து புதுச் சாவி போட்டுத் தரும்.

6. "ஐப்பசி மழை வந்தாப் போதும், சாவி திரும்பவே மாட்டேங்கு. பூட்டு போயிட்டுதுன்னு நினைக்கேன்."

அதிகம் பேர் காசை வீணாக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கதவிலேயே சாவியைப் போட்டுத் திருப்புங்கள். நாக்கு சுலபமாக வெளியே வந்து உள்ளே போகிறதா? போனால் உங்கள் பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவுதான் இடம் மாறியிருக்கிறது. மழைக்கு மரம் ஈரம் குடித்து உப்பும், அல்லது மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு ஒரு நூல் கீழே இறங்கும். அப்போது நாக்கு நிலையில் இருக்கும் ஓட்டைக்கு நேராக வராமல் தகட்டின் விளிம்பில் போய் முட்டும். நீங்கள் சாவியை முறுக்குவீர்கள், ஒருநாள் சாவி உள்ளேயே முறியும்.

இதற்குச் செய்ய வேண்டியது கீலின் திருகாணியை இறுக்குவது. அது பிடிக்காமல் சுற்றினால் நீளமான திருகாணி போடுவது. அதற்கும் சரியாகாவிட்டால் நிலையில் இருக்கும் தகட்டின் ஓட்டையை அரத்தால் கொஞ்சம் ராவி விடுவது. தச்சருக்கு அரை மணி நேர வேலை. மழைக் காலத்தில் கதவை இழைக்கச் சொல்லாதீர்கள். தை பிறந்து மரம் காய்ந்ததும் இடைவெளி விழுந்துவிடும்.

திறந்த கதவிலும் சாவி சிக்கினால் அப்போது பூட்டைச் சந்தேகப்படலாம். அதற்கும் முன்னால் இன்னொன்று பாருங்கள்: பீரோவில் எடுத்து வைத்த, புழங்காத சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது உங்கள் தினப்படிச் சாவி. புழங்காத சாவியை வைத்து ஒரு டூப்ளிகேட் போட்டுக்கொண்டால் முடிந்தது. தேய்ந்த சாவியை மாதிரியாகக் கொடுத்தால் புதுச் சாவியும் தேய்ந்ததாகவே பிறக்கும்.

7. "எந்த எண்ணெய் விடணும்? தேங்காய் எண்ணெய் விட்டேன், ரெண்டு மாசம் நல்லாருந்துச்சு."

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகிப் பின்களைப் பிடித்துக்கொள்ளும். பின் உள்ள பூட்டுக்கு கிராஃபைட் தூள்தான் நல்லது. பென்சில் முனையைச் சாவியின் பற்களில் கருக்கத் தேய்த்து, நாலைந்து தடவை போட்டு எடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் அதன் மேலேயே தூளைப் போட்டால் சாந்தாகிவிடும். முதலில் சுத்தம் செய்யுங்கள்.

8. "எங்களுக்கு உவரி. ரெண்டு வருசத்துக்கு ஒரு பூட்டு வாங்குதோம்."

உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கத்துக்காரர்களுக்கு என் பதில் வேறு. உப்புக்காற்றில் முதலில் போவது உள்ளே இருக்கும் இரும்பு ஸ்பிரிங்கும் வெளியே இருக்கும் வளையமும். துரு ஏறிய பூட்டுக்குப் பின் மாற்றிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது உடல் பித்தளையா, வளையம் எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். மேலே பளபளவென்று முலாம் பூசிய மலிவுப் பூட்டு கடற்கரைக்கு ஆகாது. விலை கூடத்தான் இருக்கும், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாங்குவதைவிடக் குறைவு.

கேட்டில் தொங்கும் பூட்டுக்கு மேலே ஒரு ரப்பர் பட்டையை மூடிபோல அடித்து விடுங்கள். பழைய டியூப் துண்டு போதும்.

9. "2023 வெள்ளத்துல ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்த பூட்டு. இப்பவும் வேலை செய்யுது, வச்சுக்கிடலாமா?"

அந்த டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஏறி வந்து ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் எல்லாம் முங்கின பிறகு, எங்கள் கடைக்கு வாளி வாளியாகப் பூட்டு வந்தது. அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கெடுப்பது தண்ணீரைவிட அதோடு வரும் வண்டல். சேறு இருக்கும்போது சாவியைப் போட்டு முறுக்கியவர்கள் பூட்டை இழந்தார்கள். கழற்றி எடுத்து நல்ல தண்ணீரில் சேறு போகும்வரை கழுவி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்தவர்களின் சிலிண்டர்கள் பிழைத்துக்கொண்டன.

உங்களுடையது மார்ட்டிஸ் லாக் என்றால் சிலிண்டரை வைத்துக்கொண்டு, கதவுக்குள் இருக்கும் பெட்டியை மட்டும் கழற்றிப் பாருங்கள். பித்தளைச் சிலிண்டர் தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் இரும்பு ஸ்பிரிங் உள்ளுக்குள்ளேயே துருவேறிக்கொண்டிருக்கும். ஒருநாள் ராத்திரி நாக்கு வெளியே வந்தபடியே நின்றுவிடும், நீங்கள் தெருவில் நிற்பீர்கள். இதுவரை கழற்றிப் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள்.

10. "கல்லிடைக்குறிச்சியில பழைய வீடு. தேக்குக் கதவு, பெரிய இரும்புச் சாவி. புது லாக் போடச் சொல்லுதாவ, மனசு வரலை."

மனசு வர வேண்டாம். அந்தக் கதவைத் தோண்டி மார்ட்டிஸ் பெட்டி இறக்கினால் அந்தத் தேக்கை யாரும் திரும்பத் தர முடியாது. ஆனால் பழைய பெரிய சாவிப் பூட்டுகளில் பல, உள்ளே தடுப்புக் கட்டைகளை மட்டும் நம்பியவை. தடுப்பில் முட்டாத எந்த மெல்லிய சாவியும் அதைத் திறக்கும். சாவி பெரிதாக இருப்பதற்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை.

பழைய பூட்டை அப்படியே இருக்க விட்டு, கதவின் உள்பக்கம் மேலேயே திருகி வைக்கும் நைட் லாட்ச் ஒன்று போடுங்கள். வெளியே ஒரு சின்ன வட்டத் துளைதான் தெரியும். உள்ளே நாதாங்கியும் குறுக்குத் தாழ்ப்பாளும் இருந்தால் அவற்றைத் தினமும் போடுங்கள். அந்தக் காலத்துத் தச்சர் செய்து வைத்த குறுக்குக் கட்டைக்கு ஈடாக என் கடையில் எதுவும் இல்லை.

11. "வீட்டுல ஆறு கதவு, ஆறு சாவி. எல்லாத்துக்கும் ஒரே சாவி ஆக்க முடியுமா?"

முடியும், ஆறும் ஒரே கம்பெனியின் ஒரே வகை சாவித்துளை உள்ளவையாக இருந்தால். பின் மாற்றும்போதே எல்லாவற்றுக்கும் ஒரே உயர வரிசையைப் போட்டுவிடுவார்கள். வேறு வேறு கம்பெனி என்றால் சாவி துளைக்குள்ளேயே போகாது. முன்வாசலையும் பூஜை அறை, நகை இருக்கும் அறையையும் ஒரே சாவியில் சேர்க்காதீர்கள்.

12. "கடையில வேலை பாத்த பையன் சொல்லாமப் போயிட்டான். ஷட்டர் சாவி அவன்கிட்டயும் இருந்துச்சு."

அன்றைக்கே மாற்றுங்கள். நாளைக்கு வந்து தந்துவிடுவான் என்று காத்திருக்காதீர்கள். சாவியைத் திருப்பித் தந்தாலும் நகல் எடுத்தானா என்று தெரியாது. ஷட்டரின் நடுவில் இருக்கும் லாக்குக்கு சிலிண்டர் வகை என்றால் பின் மாற்றலாம். இரண்டு ஓரத்திலும் தொங்கும் பூட்டுகளுக்கு 5-வது பதில்தான்: புதிது. கழற்றிய பூட்டுகள் நன்றாக இருந்தால் வேறு ஊரில் இருக்கும் உறவினர் வயல் மோட்டார் அறைக்குக் கொடுங்கள், வீணாகாது.

இனி சாவி கொடுக்கும்போது ஒரு நோட்டில் தேதியும் பேரும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம்பிக்கைக் குறைவு என்று யாரும் வருத்தப்படுவதில்லை. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் அந்தப் பையனையும் அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

13. "ஆபீஸ்ல எனக்கு மட்டும் எல்லா ரூமும் தொறக்க மாஸ்டர் சாவி வேணும். பழைய பூட்டுலயே செய்யலாமா?"

செய்யலாம். ஒவ்வொரு ஜோடிப் பின்னுக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டுத் துண்டு வைப்பார்கள். அதனால் ஒரு பின்னுக்கு இரண்டு உயரத்தில் வழி கிடைக்கும்: ஒன்று அறைச் சாவிக்கு, ஒன்று மாஸ்டருக்கு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 5 பின்னிலும் வட்டு வைத்தால் இரண்டை ஐந்து முறை பெருக்க வேண்டும், 32. அந்தப் பூட்டைத் திறக்கக்கூடிய சாவி வடிவங்கள் 1-லிருந்து 32 ஆகிவிடும். வசதி கூடக் கூடக் காவல் கொஞ்சம் குறையும். பணம் வைக்கும் அறையை மாஸ்டர் கணக்கில் சேர்க்காமல் தனியாக விடுங்கள். மாஸ்டர் சாவி ஒருநாள் தொலைந்தால் எல்லா அறைக்கும் பின் மாற்ற வேண்டிவரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

14. "அம்மா ஊர்ல தனியா இருக்காவ. உள்ள சாவியைப் போட்டபடியே தூங்கிட்டாவ, நான் சென்னையிலருந்து வந்து வெளிய நின்னு தொறக்க முடியலை."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மாதம் போவதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, பெற்றவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நம் பக்கம் அத்தனை. இரண்டு பக்கமும் சாவித்துளை உள்ள சாதாரணச் சிலிண்டரில் உள்ளே சாவி நின்றால் வெளிச் சாவி வேலை செய்யாது. அம்மா விழுந்து கிடந்தால் கதவை உடைக்கத்தான் வேண்டும். இங்கே பின் மாற்றுவது உதவாது, சிலிண்டரையே மாற்றுங்கள். உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகும் குமிழ் வைத்தது வாங்கினால் உள்ளே சாவியே தேவைப்படாது. தீப்பிடித்தாலும் இருட்டில் சாவி தேடாமல் வெளியே வரலாம். ஒரு கவனம்: கதவில் கண்ணாடியோ பக்கத்தில் கை நுழையும் ஜன்னலோ இருந்தால் குமிழ் வேண்டாம். உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கும் வகை தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

உள் தாழ்ப்பாள் போட்டிருந்தால் எந்தச் சிலிண்டரும் திறக்காது. அம்மாவிடம் அதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

15. "கம்ப்யூட்டர் சாவி பூட்டு. அதுக்கும் பின் மாத்தலாமா?"

சாவியின் பக்கவாட்டில் குழி குழியாக இருக்கும் சாவியைத்தான் இப்படிச் சொல்கிறோம். உள்ளே பின்கள்தான், ஆனால் சிறியவை, பல பக்கத்திலும் இருக்கும். தெருவோரம் செய்யும் வேலை இல்லை. கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், அல்லது சிலிண்டர் மாற்றுங்கள். பூட்டோடு சாவி எண் உள்ள அட்டை வந்திருந்தால் அதைச் சாவி மாதிரியே பத்திரப்படுத்துங்கள். சாவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், எந்தச் சாவியானாலும் சரி. படத்தைப் பார்த்தே வெட்ட முடியும்.

16. "ராத்திரி யாரோ பூட்டை நெம்பிப் பாத்திருக்கான், தொறக்கலை. அதே பூட்டு போதும்லா?"

முதலில் எதையும் தொடாமல் 100-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். போலீஸ் பார்த்த பிறகுதான் கழற்ற வேண்டும். நெம்பிய பூட்டுக்குப் பின் மாற்றக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே வளைந்திருக்கும். முழுப் பூட்டையும் மாற்றுங்கள்.

அதோடு நெம்பியவன் எங்கே கடப்பாரை வைத்தான் என்று பாருங்கள். பல வீடுகளில் பூட்டு உறுதியாக இருக்கும், அது தொங்கும் கொண்டி அரை அங்குலத் திருகாணியில் நிற்கும். அங்கே கதவுக்கு மறுபக்கம் நட்டு போட்டு முறுக்கும் போல்ட் வைக்க வேண்டும். சிலிண்டர் கதவுத் தகட்டைத் தாண்டி வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து முறிக்க முடியும். சரியான நீளத்தில் வாங்குங்கள்.

17. "அப்பா வீடு. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் சாவி இருக்கு. நான்தான் ஊர்ல இருக்கேன், பின் மாத்திட்டா என்ன?"

மாற்றிவிட்டு மறுநாளே மற்ற மூன்று பேருக்கும் சாவி அனுப்புவதாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். அவர்கள் வரக்கூடாது என்பதற்காக என்றால் அது பூட்டுக்கடை வேலை இல்லை, வக்கீலிடம் போங்கள். பங்குள்ளவரைப் பூட்டி வெளியே நிறுத்தினால் வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும்.

மனைவி வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றித் தரச் சொல்லியும் வந்திருக்கிறார்கள். அண்ணாச்சி கருவிப் பெட்டியை மூடிவிடுவார். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருகிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் அந்த உரிமை உண்டு. பூட்டுக்காரர் உங்களிடம் ஆதாரோ வரி ரசீதோ கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காதவரிடம் வேலை கொடுக்க நான் யோசிப்பேன்.

18. "பின் மாத்தித் தந்தவரே தனக்கு ஒரு சாவி வெட்டி வச்சுக்கிட்டா என்ன செய்ய?"

நியாயமான பயம், கூச்சப்படாமல் கேளுங்கள். வேலையை உங்கள் கண் முன்னால், உங்கள் வீட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். எத்தனை சாவி வெட்டினார் என்று எண்ணி வாங்குங்கள். சரிபார்க்க வெட்டி வீணான சாவி இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் போவதற்கு முன் பழைய சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள், திரும்பக் கூடாது.

அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் 2-வது பதிலில் சொன்ன சிலிண்டரை சீல் பிரிக்காத பெட்டியாக வாங்கி நீங்களே மாட்டலாம். கதவின் விளிம்பில், நாக்குக்குக் கீழே, சிலிண்டருக்கு நேராக ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டரின் நடுவில் இருக்கும் முளை உள்ளே ஒதுங்கும். அந்த நிலையில் அப்படியே வெளியே இழுக்கலாம். கடைக்கு வரும்போது பழைய சிலிண்டரைக் கையோடு கொண்டுவாருங்கள். திருகாணித் துளையிலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், 30-ம் 30-ம் என்றால் 60 மில்லிமீட்டர், 35-ம் 35-ம் என்றால் 70. இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இல்லாத கதவுகளும் உண்டு, அதனால் மொத்த நீளத்தை மட்டும் போனில் சொன்னால் நான் தரமாட்டேன்.